செப்டிக் டேங்க் குழாயை மழைநீர் வடிகாலில் விடலாமா?

வடசென்னை மணலியிலிருந்து ஒரு வாசகி: தனி வீடு, ஐந்து பேர் இருக்கிறோம். பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் வரவில்லை. வீடு கட்டியபோது மேஸ்திரி செப்டிக் டேங்கின் வெளிக்குழாயைத் தெருவிலுள்ள மழைநீர் வடிகாலில் விட்டுவிட்டார். ஐப்பசி, கார்த்திகையில் டேங்க் நிரம்பி, கழிவறையில் தண்ணீர் இறங்குவதே இல்லை. கசட்டை மட்க வைக்கும் கிருமிப் பவுடரை டேங்கில் போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா? இல்லை, மாதாமாதம் லாரி கூப்பிட வேண்டுமா?

பதில்: பவுடர் வேண்டாம் அம்மா. கசட்டை மட்க வைக்கும் கிருமிகள் மலத்திலேயே போதுமான அளவு இருக்கின்றன. ஆசிட், பினாயில் கொட்டுவதைக் குறைத்தாலே அவை ஒழுங்காக வேலை செய்யும்.

மாதாமாதம் லாரியும் வேண்டாம். செப்டிக் டேங்க் எப்போதுமே வெளிக்குழாய் மட்டம் வரை நிரம்பித்தான் இருக்கும். அடியில் கசடு எவ்வளவு என்பதுதான் கணக்கு. நீளமான கம்பில் பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டுங்கள். முதல் அறையின் மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, கம்பை அடிவரை இறக்கி, சில நிமிடம் கழித்து மெல்லத் தூக்குங்கள். துணியில் கறுப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று தெரியும். தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டிருந்தால் லாரி வரட்டும். ஐந்து பேர் வீட்டில் இது இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். திறந்த மூடிமேல் குனிய வேண்டாம், பக்கத்தில் நெருப்பு கூடாது.

கசடு எடுப்பதை ஆவணி, புரட்டாசியில் முடித்துவிடுங்கள். அடைமழையில் நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போது டேங்கைக் காலி செய்தால், வெளியிலிருந்து அழுத்தும் நீர் சுவரை விரிசல் விட வைக்கும்.

இனி அந்தக் குழாய். மழையில் வடிகாலின் நீர்மட்டம் குழாயைத் தாண்டிவிடுகிறது, உங்கள் கழிவுநீருக்குப் போக வழியில்லை. அதனால்தான் கழிவறை அடைக்கிறது. இதைவிடப் பெரிய சிக்கல், அந்த நீர் சுத்தமானதே இல்லை. டேங்க் கசட்டைத்தான் பிடித்து வைக்கும், கரைந்த அழுக்கில் பாதிக்கு மேல் வெளியேறிவிடும், நோய்க் கிருமிகளும் கூடவே போகும். உங்கள் பக்கத்து வடிகால் நீர் பக்கிங்ஹாம் கால்வாயிலோ கொசஸ்தலையாற்றிலோ சேர்ந்து, கடைசியில் எண்ணூர் கழிமுகத்துக்குத்தான் போகிறது. அங்கே இன்றைக்கும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் 2023 டிசம்பரில் பரவிய எண்ணெயும் அவர்கள் பிழைப்பை ஏற்கெனவே நொறுக்கியிருக்கின்றன. ஆலைகளைக் கேள்வி கேட்கும் நாம், நம் வீட்டுக் குழாயையும் பார்த்தாக வேண்டும்.

செய்ய வேண்டியது இது. குளியல், துணி துவைக்கும் தண்ணீர் டேங்குக்குப் போகிறதென்றால் தனியாகப் பிரித்து வாழை, கல்வாழைப் பாத்திக்கு விடுங்கள். டேங்கின் சுமை பெருமளவு இறங்கும். மிச்சத்துக்கு உறிஞ்சுகுழி வேண்டும். மணலியில் ஆழக்குழி வேண்டாம், மழையில் ஊற்று நீரே அதை நிரப்பிவிடும். தரையை உயர்த்தி, ஆழம் குறைவாக, அகலமாக ஜல்லியும் மணலும் பரப்பிய படுகை போடச் சொல்லுங்கள். போர்வெல்லிலிருந்து முடிந்தவரை தள்ளி இருக்கட்டும், அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். படுகை தயாரானதும் வடிகால் குழாயை சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள்.

லாரி பிடிக்கும்போது உரிமம் உண்டா, கசட்டை எங்கே இறக்குவார்கள் என்று கேளுங்கள். கால்வாயில் கொட்டும் லாரிக்குக் காசு கொடுத்தால் இத்தனையும் வீண். ஆளை டேங்குக்குள் இறக்க மட்டும் விடாதீர்கள். விஷவாயு ஒரு மூச்சில் சாய்த்துவிடும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட. யாராவது இறக்கினால் 14420-க்குப் புகார் சொல்லலாம்.

பாதாளச் சாக்கடை வந்ததும் தயங்காமல் இணைப்பு வாங்குங்கள். கொடுங்கையூரில் 2019-ல் திறந்த ஆலை, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அளவுக்குக் கழிவுநீரைச் சுத்திகரித்து உங்கள் மணலித் தொழிற்சாலைகளுக்கே தருகிறது. இணைப்பு கொடுக்கும்போது கழிவறைக் குழாயை நேராக மேன்ஹோலுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், டேங்க் வழியாக வேண்டாம். அப்புறம் டேங்கை லாரி வைத்துச் சுத்தமாக உறிஞ்சி எடுத்து, மணல் நிரப்பி மூடிவிடுங்கள்.