அக்கியா, அலர்ஜியா?

கேள்வி: சில நாட்களாக வலது விலாப் பக்கம் ஒரே எரிச்சல், சட்டை பட்டாலே சுரீரென்கிறது. தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலை அதே இடத்தில் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளங்கள். இது அக்கியா, அலர்ஜியா? எனக்கு வயது 56. வீட்டில் எட்டு மாதப் பேத்தி வேறு இருக்கிறாள்.

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அக்கியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காரணம் கொப்புளம்கூட இல்லை, அதற்கு முன்னால் வந்த எரிச்சல்தான். அலர்ஜி என்றால் பெரும்பாலும் அரிப்புதான் பெரிய தொல்லை, இரண்டு பக்கமும் வரலாம், இடம் மாறலாம். அக்கி அப்படியில்லை. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு வேரில் பல வருடம் சத்தமில்லாமல் கிடந்து, எதிர்ப்புச் சக்தி குறையும்போது அந்த ஒரு நரம்பு போகும் வழியிலேயே வெளியே வருகிறது. அதனால்தான் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், முதுகிலிருந்து முன்பக்கம் வரை பட்டைபோல, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் வரும், நடுக்கோட்டைத் தாண்டுவது அபூர்வம்.

சரி, உறுதியாகத் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அசைக்ளோவிர் மாதிரியான வைரஸ் மருந்துகளைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன், எனவே இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் பார்த்தே சொல்லிவிடுவார், சந்தேகம் இருந்தால் மட்டும் கொப்புள நீரை எடுத்துச் சோதிப்பார். தைலத்தை இப்போதே நிறுத்துங்கள். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு களிம்பையும் எடுத்துப் பூசாதீர்கள். புண் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறிவிடும், ஆனால் வலி சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும், வயது ஏற ஏற அதற்கான வாய்ப்பும் கூடுகிறது.

இதுவே நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்கு ஆபத்து. காதருகே வந்து முகம் ஒரு பக்கம் கோணினாலும், உடம்பு முழுக்கப் பரவினாலும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு வந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

பேத்திக்கு உங்களிடமிருந்து அக்கி ஒட்டாது, ஆனால் கொப்புள நீர் பட்டால் சின்னம்மை வரலாம். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குக் கட்டும்வரை இடத்தைத் துணியால் மூடியே வையுங்கள், கையை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தூக்குவதும் பக்கத்தில் படுக்கவைப்பதும் அதுவரை வேண்டாம். சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத கர்ப்பிணிகள் வீட்டுக்கு வந்தாலும் இதே எச்சரிக்கைதான்.