டைரனிடார்: 1999இலிருந்து மாறாத எண்கள், மாறிக்கொண்டே வந்த விதிகள் (கேள்வி பதில்)

திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் போகிமான் போட்டி ஆடுகிற பிள்ளைகள் ராக்/டார்க் வகைப் போகிமானான டைரனிடாரைப் பற்றிக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. எல்லாக் கணக்கிலும் ஐவி (ஒவ்வொரு போகிமானுக்கும் பிறவியில் வரும் புள்ளி, உச்சம் 31) 31 என்று வைத்துக்கொள்ளுங்கள். லெவல் 50ஆ 100ஆ என்பது அந்தந்த இடத்தில் இருக்கிறது. ‘ஓயு’ என்பது ஸ்மோகன் இணையத்தள ஆட்டக்காரர்களின் பிரதான ஒற்றையர் வகுப்பு.

உப்புவெளி: அண்ணா, இது கோல்ட், சில்வர் காலத்து ஆள்தானே. இவ்வளவு நாளும் எப்பிடித் தாக்குப் பிடிச்சது? இடையில பலத்தைக் கூட்டிக் குடுத்தவங்களோ?

ஒரு புள்ளிகூடக் கூட்டவில்லை. பேஸ் எண்கள், அதாவது இனத்துக்கே உரியவை: எச்பி (உயிர்) 100, அட்டாக் 134, டிஃபென்ஸ் 110, ஸ்பெஷல் அட்டாக் 95, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 100, ஸ்பீட் 61. மொத்தம் 600. 1999 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்தபோது இருந்த எண்கள்தான் இன்றைக்கும். அதைச் சுற்றி இருந்த விதிகள்தான் மாறின. டைரனிடாரின் வரலாறு என்று படிப்பதென்றால் அந்த விதிகளைத்தான் படிக்க வேண்டும்.

கோல்ட், சில்வர் வந்த இரண்டாம் தலைமுறையில் எபிலிட்டி (தானாக வேலை செய்யும் திறன்) என்றே ஒன்று இல்லை. எல்லா டீமிலும் ஸ்னார்லாக்ஸ் குந்திக்கொண்டிருந்த காலம் அது. டைரனிடார் நல்ல ஆள், ஆனால் ராசா இல்லை. 2002இல் ரூபி, சபையர் வந்து ‘சான்ட் ஸ்ட்ரீம்’ கிடைத்த பிறகுதான் கதையே தொடங்குகிறது. களத்தில் கால் வைத்தவுடன் மணல் புயல், வேறு காலநிலை வந்து மாற்றும்வரை அது ஓயாது. ராக், கிரவுண்ட், ஸ்டீல் தவிர்ந்த எல்லாருக்கும் டேர்னுக்கு 16இல் 1 பங்கு எச்பி போகும். கையில் பிடிக்கும் பொருளான லெஃப்டோவர்ஸ் திருப்பித் தருவதும் அதே 16இல் 1தான். பிளிஸியின் 714 எச்பியில் மணல் 44 எடுக்கும், லெஃப்டோவர்ஸ் 44 கொடுக்கும். அதாவது பொருள் ஒன்றை வீணாகச் சுமந்துகொண்டு நிற்கிறது. மூன்றாம் தலைமுறையில் டீம் கட்டுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்ட கேள்வி ‘இது மணலில் நிற்குமா’ என்பதுதான்.

மூதூர்: ஜென் 3 ஓயுவில ட்ராகன் டான்ஸ் டைரனிடாருக்கு ‘ஹிடன் பவர் பக்’ போடுறாங்க. டார்க் அடி இருக்கேக்க பூச்சி அடி என்னத்துக்கு?

நான்காம் தலைமுறை வரும்வரை அடி ஃபிசிக்கலா ஸ்பெஷலா என்பதை வகைதான் தீர்மானித்தது. டார்க் முழுக்க ஸ்பெஷல். க்ரஞ்ச் அடித்தால் 134 சும்மா கிடக்கும், 95தான் வேலை செய்யும். ட்ராகன் டான்ஸ் ஏற்றுவதும் அட்டாக்கையும் ஸ்பீடையும்தான், அதனால் க்ரஞ்சுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பக் வகை ஃபிசிக்கல். செலெபி கிராஸ்/சைக்கிக் என்பதால் பக் அடி 4 மடங்கு விழும். ராக் ஸ்லைடும் எர்த்க்வேக்கும் செலெபியில் சறுக்குகிற இடத்தை அது அடைக்கிறது.

ஐவி அட்டாக் 30, டிஃபென்ஸ் 30, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 30, மற்றவை 31. இப்படி வைத்தால் பக், பவர் 70. எல்லாவற்றையும் 31இல் விட்டால் ஹிடன் பவர் டார்க்காகிவிடும், திரும்பவும் ஸ்பெஷல். பழைய கேமில் கையால் வளர்க்கிறவர்கள் தடுக்கி விழுவது இதில்தான்.

சீனக்குடா: ஜென் 5இல பொலிடோடும் டைரனிடாரும் ஒண்டா இறங்கினா ஒருக்கா மழை நிக்குது, ஒருக்கா மணல் நிக்குது. இது என்ன அதிர்ஷ்டமோ?

அதிர்ஷ்டம் இல்லைத் தம்பி, ஸ்பீட். எபிலிட்டிகள் வேகமானவரிலிருந்து தொடங்கி வேலை செய்யும். மெதுவானவரின் காலநிலை கடைசியாக வந்து முந்தியதை அழித்துவிடும். பேஸ் ஸ்பீட் நைன்டேல்ஸ் (வெயில்) 100, பொலிடோட் (மழை) 70, டைரனிடார் 61, அபோமாஸ்னோ (ஆலங்கட்டி) 60, ஹிப்போடொன் (மணல்) 47. ஆகவே சாதாரணமாகப் பொலிடோடிடமும் நைன்டேல்ஸிடமும் மணல் வெல்லும். அபோமாஸ்னோவிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்கும்.

ஆனால் பார்க்கப்படுவது பேஸ் ஸ்பீட் இல்லை, களத்தில் உள்ள உண்மையான ஸ்பீட். உங்கள் டைரனிடாரில் சாய்ஸ் ஸ்கார்ஃப் (ஸ்பீடை ஒன்றரை மடங்காக்கி, ஒரே அடியில் பூட்டும் பொருள்) இருந்தால் லெவல் 100இல், ஸ்பீடைக் கூட்டும் ஜாலி நேச்சரில், 364. ஈவி (பயிற்சியில் சேர்க்கும் புள்ளி) போடாத பொலிடோட் 176. உங்கள் மணல் முதலில் எழும்பும், மழை பின்னால் வந்து கழுவிவிடும். உங்களுக்கு மழை நின்ற ஆட்டங்களில் ஸ்கார்ஃப் போட்டிருந்தீர்களா என்று பாருங்கள். இன்னொரு தீமையும் உண்டு: மணல் முந்தி வந்ததைக் கண்ட எதிராளி உங்களிடம் ஸ்கார்ஃப் இருக்கிறது என்பதை முதல் நொடியிலேயே பிடித்துவிடுவார்.

ஐந்தாம் தலைமுறை வரைக்கும் இந்தச் சண்டையில் வென்றவர் ஆட்டம் முழுக்க அனுபவித்தார். கச்சான் தொடங்கினால் மாதக்கணக்கில் புழுதிதான் என்கிற மாதிரி. ஆறாம் தலைமுறையில் அதை 5 டேர்னாகக் குறைத்தார்கள், ஸ்மூத் ராக் பிடித்தால் 8. உள்ளே வருகிற டேர்னும் கணக்கில் சேரும் என்பதை மறக்கக்கூடாது. முதல் டேர்னில் டைரனிடாரை மாற்றி இறக்கி, இரண்டாம் டேர்னில் மணலில் ஸ்பீட் இரட்டிக்கும் எக்ஸ்கட்ரிலை இறக்கினால், அது அடிக்க மிஞ்சுவது 3 டேர்ன். ஸ்மூத் ராக் இருந்தால் 6. ஸ்மூத் ராக் வேண்டுமா இல்லையா என்கிற தர்க்கம் இந்த ஒரு கணக்கோடு தீரும்.

நிலாவெளி: பழைய ஆக்கள் ‘பர்சூட்’ பற்றியே கதைச்சுக்கொண்டு இருக்கினம். 40 பவர் அடியில அப்பிடி என்ன இருக்கு?

எதிராளி மாறி ஓடும்போது ஓடுவதற்கு முன்னமே பிடித்து அடிக்கும், பவரும் 80 ஆகும். ஆட்டம் முழுக்க ‘ஆபத்து வந்தால் மாறு’ என்பதில்தானே நிற்கிறது? அதைப் பிடுங்கி எடுக்கிற அடி இது. இரண்டாம் தலைமுறையிலேயே உண்டு. நான்காம் தலைமுறையில் அடிக்கு அடி ஃபிசிக்கல், ஸ்பெஷல் என்று பிரித்தபோது பர்சூட் ஃபிசிக்கல் ஆனது, டைரனிடாரின் 134 அதற்குப் பின்னால் வந்து நின்றது. அதோடு அதே தலைமுறையில் ராக் வகைக்கு மணலில் ஸ்பெஷல் டிஃபென்ஸ் ஒன்றரை மடங்கு. இரண்டும் சேர்ந்துதான் பொறி.

ஐந்தாம் தலைமுறை லேட்டியோஸை எடுப்போம். லெவல் 100, ஸ்பீடைக் கூட்டும் டிமிட் நேச்சர், ஸ்பெஷல் அட்டாக் 359, கையில் பொருள் இல்லை. ட்ராகோ மீட்டியர், அப்போது பவர் 140. ஸ்பெஷல் டிஃபென்ஸில் ஈவியே போடாத டைரனிடார் 236, மணலில் 354. மணல் இல்லாவிட்டால் 229 முதல் 270 வரை விழும். மணலில் 153 முதல் 181 வரை. எச்பி 341. அதாவது அடியை வாங்கிக்கொண்டே உள்ளே வரலாம், இன்னொன்றுக்கும் அநேகமாக இடம் இருக்கும். அதற்குள் லேட்டியோஸின் ஸ்பெஷல் அட்டாக் இரண்டு படி இறங்கிவிட்டது.

இனி நம்முடைய முறை. அட்டாக்கைக் கூட்டும் அடமன்ட் நேச்சர், 252 ஈவி, அட்டாக் 403. லேட்டியோஸ் எச்பி 301, டிஃபென்ஸ் 196.

சாய்ஸ் பேன்ட் (அட்டாக்கை ஒன்றரை மடங்காக்கி, ஒரே அடியில் பூட்டும் பொருள்) பிடித்திருந்தால்: நின்றால் 266 முதல் 314, ஓடினால் 530 முதல் 626.

சாய்ஸ் ஸ்கார்ஃப் பிடித்திருந்தால்: நின்றால் 180 முதல் 212, ஓடினால் 356 முதல் 420.

ஓடினால் எதுவானாலும் சாவு. பேன்ட் என்றால் நின்றாலும் 16இல் 4 தடவை முடிந்தது, உள்ளே வருகிறவரைக் குத்தும் ஸ்டெல்த் ராக்கின் கீறல் ஒன்று முந்தி விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். எதிராளிக்கு நல்ல தெரிவு ஒன்றும் மிச்சமில்லை என்பதைத்தான் பழைய ஆட்கள் இவ்வளவு ஆசையாகக் கதைக்கிறார்கள்.

பிழைக்கிற இடங்கள்: பர்சூட்டில் பூட்டுப்பட்டு நிற்கிறீர்கள், அடுத்து வருகிறவர் சும்மா நின்று ஸ்வோட்ஸ் டான்ஸ் ஏற்றுவார். லேட்டியோஸ் மழை டீமில் இருந்தால் சர்ஃப் அடிக்கும், அதற்குள் நுழைவது மடத்தனம். ஜெங்காருக்கு எதிராக நுழைவதென்றால் ஃபைட்டிங் அடியான ஃபோகஸ் பிளாஸ்ட் உண்டு: மணலிலும் 352 முதல் 416. எச்பி 341 வைத்திருந்தால் பட்டவுடன் சரி. 252 ஈவி போட்டு 404 ஆக்கினால் 16 சாத்தியத்தில் 13இல் உயிர் தப்பும், அடியைக் கூட்டும் லைஃப் ஓர்ப் அதனிடம் இல்லாதவரை. அந்த அடிக்கு 70 வீதம்தான் துல்லியம் என்று நம்பி நுழைகிறவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் பாடு.

2019இல் ஸ்வோர்ட், ஷீல்ட் வந்தபோது பர்சூட்டையே எடுத்துவிட்டார்கள். டைரனிடாருக்கு விழுந்த அடிகளில் பெரியது அதுதான் என்பது என் எண்ணம். ஆறாம் தலைமுறையில் ஃபெய்ரி வகை வந்ததைக்கூட அது சமாளித்தது, ஏனென்றால் அதே நேரத்தில் ஸ்டீல் வகை டார்க் அடியைத் தாங்கும் சலுகையை இழந்தது.

கிண்ணியா: ஸ்கார்ஃபுக்கு ஜாலியா, அடமன்டா அண்ணன்?

ஜாலி. லெவல் 50இல் ஜாலி ஸ்கார்ஃப் 186, அடமன்ட் ஸ்கார்ஃப் 169. ஜாலி கார்ச்சோம்பும் 169தான், அடமன்ட் வைத்தால் யார் முந்துவது என்பது நாணயம் சுண்டுவது போல. லேட்டியோஸ், ஜெங்கார் 178. பேஸ் 115 ஸ்டார்மி 183. இவர்கள் எல்லாரையும் ஜாலி தாண்டும். பேஸ் 120 அலகாசம் 189, அதை ஜாலியும் தாண்டாது. மேலே பர்சூட் கணக்கை அடமன்டில் போட்டேன். ஜாலியில் அடி கொஞ்சம் குறையும், ஆனால் ஓடுகிற லேட்டியோஸுக்கு அதுவே காணும்.

தம்பலகாமம்: மெகா டைரனிடார் 700 மொத்தம் எண்டு பாத்தன். பிறகும் ஏன் எல்லா டீமிலயும் இல்லை?

மெகா என்பது சண்டைக்குள் பலமான உருவத்துக்கு மாறுவது, டீமுக்கு ஒரு மெகாதான். அதற்கான கல்லைப் பிடித்தால் லெஃப்டோவர்ஸ், ஸ்மூத் ராக், ஸ்கார்ஃப் எதுவும் பிடிக்க முடியாது. ஃபைட்டிங்குக்கு 4 மடங்கு பலவீனமும் அப்படியே. ஆனால் இரண்டு விசயம் அருமை. மெகா ஆகும்போது சான்ட் ஸ்ட்ரீம் இன்னொரு தரம் வேலை செய்யும். அதனால் மழையோ வெயிலோ வந்து மணலைக் கழுவிய பிறகு மெகா ஆவது, தொடக்கத்திலேயே அவசரப்பட்டு ஆவதைவிட இலாபம். இரண்டாவது, ஸ்பீட் 71. ஜாலியில் ஒரு ட்ராகன் டான்ஸுக்குப் பிறகு லெவல் 100இல் 397. பேஸ் 130 ஜோல்டியன் 394. மூன்றே மூன்று புள்ளி, அதுதான் ஆட்டத்தை முடிக்கிற மூன்று புள்ளி. ஆறாம் தலைமுறையில் மெகா ஆன அந்த டேர்னில் பழைய ஸ்பீட்தான் பார்க்கப்படும், ஏழில் புதியது. இரண்டையும் குழப்பி எதிராளியை முந்துவோம் என்று நினைத்தால் கை சுடும்.

சாம்பல்தீவு: மாக் பஞ்சுக்கு ஒரு மருந்து சொல்லுங்கோ.

சோப்பிள் பெரி. லெவல் 50, அடமன்ட் கொங்கெல்டர், 252 ஈவி: அட்டாக் 211. உங்கள் டைரனிடார் எச்பி 207, டிஃபென்ஸ் 130. ஃபைட்டிங் அடியான மாக் பஞ்ச் 148 முதல் 180 வரை, முழு எச்பியில் நின்றால் பிழைக்கும். குத்து அடிகளைக் கூட்டும் அயன் ஃபிஸ்ட் எபிலிட்டி என்றால் 180 முதல் 216 வரை, 16இல் 3 தடவை செத்துப்போகும். பெரி இருந்தால் அடி பாதி. பெரி ஒரு தரம்தான். அதைத் தின்ற டேர்னிலேயே கொங்கெல்டரை அடித்துத் தள்ள முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் செலவு வீண்.

ஓர்ஸ் ஹில்: அண்ணா, டபிள்ஸ்ல 2020 அளவில இது பெரிய ஆளாமே?

ஓம், எக்ஸ்கட்ரிலோடு சோடியாக. சான்ட் ரஷ் எக்ஸ்கட்ரில் லெவல் 50இல் ஜாலி 154, மணலில் 308. ஜாலி ட்ராகாபல்ட்டே 213தான். டைரனிடார் வீக்னஸ் பாலிசி பிடித்து டைனமேக்ஸ் ஆகும் (பெரிதாகும்), எச்பி இரட்டிக்கும், பலவீன அடி ஒன்றைத் தாங்கி அட்டாக் இரண்டு படி ஏறும். மேக்ஸ் ராக்ஃபோல் அடித்தால் மணலும் புதிதாக எழும்பும்.

குச்சவெளி: ஸ்கார்லெட்டில டெரா கோஸ்ட் வச்சன். ஃபைட்டிங் படேல்ல, ஆனா ஸ்பெஷல் அடியில பொசுக்கெண்டு போகுது. ஏன்?

டெரா என்பது வகையையே மாற்றுவது, ஆனவுடன் ராக் வகை போய்விட்டது தங்கச்சி. மணலின் ஒன்றரை மடங்கு ஸ்பெஷல் டிஃபென்ஸும் அதோடு போனது, லெவல் 100இல் 354 என்று நம்பி நின்றது 236க்கு இறங்கிவிட்டது. போதாக்குறைக்கு உங்கள் மணலே உங்களை டேர்னுக்கு 16இல் 1 அடிக்கும். டெரா ஸ்டீல் என்றால் அந்தக் கீறலாவது விழாது, ஆனால் ஃபைட்டிங் 2 மடங்கு படும். அதனால் ஸ்பெஷல் ஆட்கள் முன்னால் நிற்கும்போது டெரா ஆகாதீர்கள், குத்துச்சண்டைக்காரர் வரும்வரை வைத்திருங்கள். வயலட் வைத்திருக்கிற சிநேகிதர்களுக்கும் ஒரு சொல்: லார்விடார் அங்கே காட்டில் கிடைக்காது, உங்களிடம் மாற்றித்தான் வாங்க வேண்டும்.

அதே குச்சவெளி: ஃபோகஸ் சாஷ் ஆரிட்டக் குடுக்கிறது?

மணல் டீமில் ராக், கிரவுண்ட், ஸ்டீல் தவிர ஒருவரிடமும் வேண்டாம். ஒரே அடியில் சாகாமல் காப்பதுதான் சாஷ், முழு எச்பியில் இருந்தால்தான் அது வேலை செய்யும், முதல் டேர்ன் முடிவிலேயே மணல் எச்பியைக் குறைத்து அதைக் கெடுத்துவிடும். எக்ஸ்கட்ரிலிடம் கொடுங்கள்.