இரத்தத்தில் ஈயம்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கொழும்பில் ஆய்வுகூட வேலை எனக்கு. இரத்த ஈயச் சோதனை பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இதோ பதில். எண்கள் எல்லாம் டெசிலீற்றருக்கு மைக்ரோகிராம் கணக்கு.

கொட்டாஞ்சேனை அக்கா: மகனுக்கு மூன்று வயது. விரலில் குத்திப் பார்த்து 9 என்றார்கள். இரண்டு நாளாக நித்திரையே இல்லை.

அக்கா, விரலில் எடுத்த முடிவை முடிந்த முடிவாக எடுக்காதீர்கள். தரையில் விளையாடின பிள்ளையின் விரல் நுனியில் இருக்கும் தூசு போதும், ஒரு சொட்டு இரத்தத்தில் எண் ஏறிவிடும். ஸ்பிரிட் பஞ்சுக்கு அந்த ஈயம் போகாது. நான் சவர்க்காரம் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவி, கை தானாகக் காய்ந்த பிறகுதான் குத்துவேன். முதல் சொட்டைத் துடைத்துவிடுவேன். நாளத்தில் இரத்தம் எடுத்துத் திரும்பப் பாருங்கள். அதிலும் 5 அல்லது அதற்கு மேல் வந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி அதை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல். ஈயத்தை வெளியேற்றும் மருந்தை 45ஐத் தொட்ட பிள்ளைகளுக்கே பரிந்துரைக்கிறார்கள்.

வெள்ளவத்தை தம்பி: பெற்றோலில்தான் ஈயம் இல்லையே?

இங்கே 2002இல் நிறுத்திவிட்டார்கள், உண்மை. பழைய கதவு, ஜன்னலில் ஈயம் கலந்த பெயின்ற் இன்னும் உரிந்துகொண்டுதானே இருக்கிறது?

கிராண்ட்பாஸ் தங்கச்சி: கணவருக்குப் பழைய பற்றரி உடைக்கும் வேலை. பிள்ளைக்கும் வருமா?

வரும் அம்மா, பற்றரியில் இருக்கும் ஈயத்தின் தூசு உடுப்போடும் சப்பாத்தோடும் வீட்டுக்கே வரும். வேலை செய்யும் இடத்திலேயே குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு வரட்டும். அந்த உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். தும்புத்தடியால் கூட்டினால் தூசு கிளம்பும், ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளைக்கும் அவருக்கும் சோதனை செய்யுங்கள்.

ஆய்வுகூடப் பயிற்சியில் இருக்கும் தம்பி: சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு அறிவிக்கும்போது எண் மட்டும் போதாதா?

போதாது. விரலா நாளமா, எடுத்த திகதி, பிறந்த திகதி, பெற்றோரின் தொழில் எல்லாம் எழுதுங்கள். சிறிய கருவி ஒன்று 3.3க்குக் கீழே ‘லோ’ என்றுதான் காட்டும். அதைப் பூச்சியம் என்று பதியாதீர்கள், ‘3.3க்குக் குறைவு’ என்று எழுதுங்கள். அப்புறம், வீட்டு முகவரி. ஒருமுறை தோட்டத்தின், அதாவது நெருக்கமான குடியிருப்பின், பெயரை மட்டும் எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒரே இலக்கத்தில் வரிசையாக வீடுகள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒவ்வொரு வாசலிலும் கேட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளையைக் காணாமலே திரும்பினார். அதனால் தொலைபேசி இலக்கத்தையும், பக்கத்துக் கடையின் அடையாளத்தையும் கேட்டு எழுதுங்கள் தம்பி.