ஃபெரிட்டின் அளவையும் கேட்டு வாங்குங்கள்

அன்புச் சகோதரிக்கு,

ஊரை விட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து ஒன்பது மாதங்களில் ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, முடி கொத்தாக உதிர்கிறது, ஆனால் ஹீமோகுளோபின் சரியாகவே இருக்கிறதாம். தோழி கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் வைட்டமின் டி மாத்திரையையும் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைட்டமின் டி-யைக் குறைந்த அளவில் தொடங்கலாம். இரும்புச்சத்து மாத்திரையைப் பரிசோதிக்காமல் தொட வேண்டாம் என்பதே என் பதில்.

உடலில் இரும்பு குறையும்போது முதலில் கரைவது சேமிப்புதான். அது தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையை நாமாகக் கேட்டால்தான் பல இடங்களில் எழுதித் தருகிறார்கள். அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 30-க்குக் கீழே இருந்தாலே சிகிச்சை தரும் மருத்துவர்களும் உண்டு. காய்ச்சலோ அழற்சியோ இருக்கும் வேளையில் ஃபெரிட்டின் உயர்ந்துவிடும் என்பதால், அப்போது வரும் நல்ல அளவை நம்பிவிடாதீர்கள்.

ஊரில் எடுத்த அறிக்கையை இங்குள்ளதோடு ஒப்பிடும்போது அலகைப் பாருங்கள். அங்கே டெசிலிட்டருக்கு 12 கிராம் என்று இருந்த ஹீமோகுளோபின் இங்கே லிட்டருக்கு 120 கிராம் என்று வரலாம். வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 50 நானோமோல் என்பதும் ஒன்றே. இது தெரியாமல் என் வைட்டமின் டி இரண்டரை மடங்கு உயர்ந்துவிட்டதாக நான் ஒரு குளிர்காலம் முழுவதும் மகிழ்ந்திருந்தேன்.

இரும்புக் குறைபாடு உறுதியானால் காரணத்தையும் தேட வேண்டும். முதல் மூன்று ஆண்டுகளில் நான் மாத்திரை போடுவதும், தேறுவதும், நிறுத்தியதும் மறுபடி சோர்ந்து விழுவதுமாக இருந்தேன். மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கிறது என்று ஒரு மருத்துவர் கேட்ட பிறகுதான் இரத்தம் எங்கே போகிறது என்பது புரிந்தது. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இக்குறைபாடு வந்தால் குடலில் இரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கோ இரும்பு போதுமான அளவு இருந்தும் சிவப்பணுக்கள் சிறுத்திருக்கும். அவர்களுக்கு மாத்திரையால் பயனில்லை.

மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று கேளுங்கள். ஒரு வேளை இரும்பு உட்கொண்டதும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் உயர்ந்து, ஏறக்குறைய ஒரு நாளுக்கு அடுத்த வேளையின் உறிஞ்சலைத் தடுக்கிறது. மாத்திரையைத் தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்க்காமல் இடைவெளி விட்டுப் போடுங்கள். மலம் கறுப்பது இயல்பு. ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் அது சரியான பிறகும், சேமிப்பு நிரம்ப, ஏறக்குறைய மூன்று மாதங்கள் தொடர வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தால் மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். குழந்தைகளுக்கு அவை நஞ்சாகும்.

வைட்டமின் டி-யின் கதை எளியது. நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதொலைவில், குளிர்கால வெயிலில் தோல் அதை உருவாக்கத் தேவையான புற ஊதாக் கதிர் போதாது. கருத்த தோலுக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவை. நாளொன்றுக்கு 400 சர்வதேச அலகு (IU) பெரும்பாலோருக்குத் தீங்கில்லாதது. பெரிய அளவுகளை நீங்களாகத் தொடராதீர்கள், இரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சைவ உணவு உண்பவராக இருந்தாலோ, நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையையோ வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையோ நெடுங்காலமாக எடுத்துவந்தாலோ வைட்டமின் பி12 அளவையும் பாருங்கள். கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான இருப்பு இருப்பதால் குறைவு தாமதமாகவே தெரியும். கை கால் மரத்துப்போனால் காத்திருக்க வேண்டாம். ஃபோலிக் அமிலத்தை மட்டும் போட்டுக்கொண்டால் இரத்தசோகை மறைந்து, நரம்பின் பாதிப்பு மட்டும் உள்ளே தொடர்ந்துகொண்டிருக்கும்.