மண்ணுக்குள் குழாய் போட்டால் வீடு குளிருமா?

கேள்வி: கனடாவில் மகன் வீட்டுக்குச் சூடும் குளிர்ச்சியும் தரைக்கடியில் பதித்த குழாயிலிருந்துதான். நம் வீட்டுக்கும் போட்டுத் தருவதாகக் கிணறு தோண்டும் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா ஐயா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அவசரப்படாதீங்க அம்மா. இதற்கு நிலவெப்பப் பம்பு என்று பெயர். கனடாவில் கோடையில் வீட்டிலிருந்து மண்ணுக்குள் தள்ளும் சூட்டைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு ஏது குளிர்காலம்? இங்கே மண்ணே சுமார் 27, 28 டிகிரி. வருடம் முழுக்கச் சூட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தால், குழாயைச் சுற்றியுள்ள மண்ணும் மெல்ல மெல்லச் சூடேறிவிடும்.

கிணறு தோண்டுவது வேறு, இந்தக் கணக்கு வேறு. தோட்டத்து ஆலையில் ஃபிட்டராக இருந்த காலத்தில், குழாயெல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தவன் நான். கறுப்புப் பாலித்தீன் குழாயைப் பசை போட்டு ஒட்டினேன். மறுநாள் காலை பம்பு அறை முழுக்கத் தண்ணீர். அதைச் சூட்டில் உருக்கித்தான் இணைக்க வேண்டும். மண்ணுக்குள் போவதும் அதே குழாய்தான். இணைப்பை எப்படிப் போடுவார் என்று கேளுங்கள். பசை என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, யாரைக் கேட்பது? மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற்ற இயந்திரவியல் பொறியாளரை. குத்தகையாளருக்கு சிஐடிபி, அதாவது கட்டுமானத் துறை வளர்ச்சி வாரியத்தின் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் 1987இல் தொடங்கிய அனைத்துலக நிலவெப்பப் பம்புச் சங்கம் இதற்கென்றே பயிற்சி தருகிறது. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் உட்கார வைத்துப் பேசலாம். வீட்டின் வெப்பச் சுமையை, அதாவது எவ்வளவு சூட்டை வெளியேற்ற வேண்டும் என்பதை, அளக்காமல் விலை சொல்பவரிடம் பேசவே வேண்டாம்.

அதுவரை தகரக் கூரைக்கடியில் வெப்பத் தடுப்பு விரிப்பு போடுங்கள். அப்புறம் ஏர்கோன் வாங்கினால் சின்னதே போதும்.