18 பேர் வேலை பார்க்கும் சின்ன ரப்பர் பால் கம்பெனிக்கும் ரசாயன லேபிள் எல்லாம் தேவையா?

கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக: குலசேகரம் பக்கம் ரப்பர் பால் கம்பெனி, 18 பேர் வேலை. ரசாயனக் கேன்களில் லேபிள் ஒட்ட வேண்டும், அபாயக் குறி போட வேண்டும், எஸ்.டி.எஸ். (பாதுகாப்புத் தகவல் தாள்) வைக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். இதெல்லாம் பெரிய தொழிற்சாலைகளுக்குத்தானே, தேவை என்றால் எங்கே தொடங்குவது?

தேவை. 18 பேர்தான் என்பதால் கூடுதலாகவே தேவை என்பேன். பெரிய கம்பெனியில் ஆசிட்டைத் தொடுகிறவர் ஒருவர், அம்மோனியா வால்வைத் திறக்கிறவர் வேறொருவர். நம்மைப் போன்ற இடத்தில் காலையில் பால் இறக்குகிறவரே மத்தியானம் பால் உறைய ஆசிட் ஊற்றுவார், சாயங்காலம் தொட்டி கழுவுவார். ஒருவர் லீவு போட்டால் அந்த வேலைக்கு அன்று யார் நிற்பார் என்று முதல் நாள் யாருக்கும் தெரியாது. அருமனைக்கும் குலசேகரத்துக்கும் நடுவே இப்படிப்பட்ட கம்பெனிகளில் 22 வருடமாக ஸ்டோர் பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

லேபிள் என்றதும் எல்லோரும் சப்ளையர் அனுப்பும் 35 கிலோ ஃபார்மிக் ஆசிட் கேனைத்தான் நினைக்கிறார்கள். அந்தக் கேனில் பெரும்பாலும் எல்லாம் இருக்கும்: பெயர், சதவீதம், சிவப்புச் சாய்சதுரக் கட்டத்துக்குள் படம். ஆபத்து அந்தக் கேனில் குறைவு. அதிலிருந்து ஊற்றி வைக்கிறோமே, அந்த இரண்டாவது பாத்திரத்தில்தான் ஆபத்து. பக்கெட், மக்கு, பழைய எண்ணெய் கேன், தண்ணீர் பாட்டில். ஊற்றிய அந்த நிமிடமே லேபிள் பின்னால் தங்கிவிடுகிறது, சரக்கு மட்டும் நம்மோடு வந்துவிடுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்போது இருந்த கம்பெனியில் நடந்தது இது. மத்தியான வேலைக்கு என்று யாரோ ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆசிட் ஊற்றி ஜன்னல் திண்டில் வைத்திருந்தார்கள். ஃபார்மிக் ஆசிட் பச்சைத் தண்ணீர் போலவே இருக்கும். பால் உறைய வைக்கும் டிஷ் எல்லாம் கழுவி முடித்து வந்த 19 வயதுப் பையன், வேர்த்து விறுவிறுத்து, அதை எடுத்து ஒரு மடக்கு குடித்துவிட்டான். பாதியைத் துப்பினான், பாதி இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர் பதறிப்போய் அவன் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் உள்ளே போகும்போது சுட்ட ஆசிட், வெளியே வரும்போது இன்னொரு முறை சுட்டது. வாயைக் கொப்பளிக்க வைத்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதுதான் சரி, வாந்தி எடுக்க வைக்கவே கூடாது என்பது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஆசிட்? எத்தனை சதவீதம்?" கூடப் போன நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கம்பெனிக்குப் போன் பண்ணினால், எடுத்தவர், "ஷீட் அடிக்க ஊத்துற ஆசிட்தான்" என்றார். கேன் எங்கே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் தேடிப் பார்த்துச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. பையன் பிழைத்தான். ஆனால் உணவுக்குழாய் சுருங்கிப் போய், ரொம்ப நாள் கஞ்சியும் பாலும்தான். பத்து நாள் கழித்துப் பார்க்கப் போனபோது, "வெள்ளம்னு நெனச்சேன் அண்ணே" என்றான். எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்போம். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நம் ஊரில் ரப்பர் உள்ள வீடுகளிலும் இந்த ஆசிட் இருக்கிறது, குழந்தைகளும் இருக்கிறார்கள். அதனால் கம்பெனியோடு நிற்கிற விஷயம் இல்லை இது.

சரி, அந்தப் படங்களைப் பற்றி. ஐக்கிய நாடுகள் சபை 2003இல் முதலில் வெளியிட்ட உலகப் பொது முறை அது, ஜி.எச்.எஸ். என்பார்கள். மொத்தம் ஒன்பது படம். வெள்ளைப் பின்னணி, சிவப்புக் கட்டம், உள்ளே கறுப்புப் படம். உங்கள் கம்பெனிக்கு ஒன்பதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சோதனைக் குழாயிலிருந்து சொட்டு விழுந்து ஒரு கையையும் ஒரு பலகையையும் அரிப்பது போன்ற படம், மண்டை ஓடு, தீ, கேஸ் சிலிண்டர், ஆச்சரியக்குறி, செத்த மீனும் பட்ட மரமும்: ரப்பர் பால் வேலையில் அடிக்கடி கண்ணில் படுவது இவைதான். கூடவே ஓர் எச்சரிக்கைச் சொல் இருக்கும். கடுமையானதற்கு 'டேஞ்சர்', அதைவிடக் குறைந்ததற்கு 'வார்னிங்'.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே சரக்குக்கு எப்போதும் ஒரே லேபிள் கிடையாது. ஐரோப்பிய வகைப்பாட்டில் ஃபார்மிக் ஆசிட் 10 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் தோலை அரித்துப் புண்ணாக்கும் வகை. 2 முதல் 10க்குள் என்றால் தோல் எரிச்சல் வகை. கேனில் வருவது 85 சதவீதம். தண்ணீர் கலந்து வைத்திருக்கும் பக்கெட் வேறு, கேன் வேறு. இரண்டுக்கும் 'ஆசிட்' என்று மட்டும் எழுதி வைத்தால், கலந்ததைத் தொட்டுப் பழகிய கை கேனையும் அதே அலட்சியத்தோடு தொடும். அதனால் பெயருக்குப் பக்கத்தில் சதவீதமும் கலந்த தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும். கலக்கும்போது தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது என்பதையும் கலக்கும் இடத்திலேயே எழுதுங்கள். ஸ்கிம் பாலை (கெட்டிப் பாலைப் பிரித்த பின் மிஞ்சும் நீர்த்த பால்) உறைய வைக்க சல்ஃப்யூரிக் ஆசிட் வைத்திருந்தால் இந்த ஒரு வரி கண்ணைக் காப்பாற்றும்.

எந்த மொழியில் எழுதுவது என்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தனிக் கேள்வி. கேனில் இருப்பது ஆங்கிலம். 1956க்கு முன் திருவிதாங்கூரோடு இருந்த பகுதி இது. விளவங்கோடு பக்கத்தில் மலையாளம் மட்டுமே சரளமாகப் படிக்கிற பெரியவர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது ஒடிசா, அசாம், வங்காளத்திலிருந்து வந்த பையன்கள் இருக்கிறார்கள். எங்கள் ஷெட்டில் தமிழில் பெரிதாக, அதன் கீழே இந்தியில் சிறிதாக, பக்கத்தில் படம். அப்புறம் படத்தை மட்டும் நம்பாதீர்கள். அரிக்கும் பொருள் படத்தைக் காட்டி ஒரு புதுப் பையனிடம் இது என்ன என்று கேட்டேன். "கை கழுவணும்னு போட்டிருக்கு" என்றான். குழாய், சொட்டு, கை. அவனுக்கு அப்படித் தெரிந்ததில் தப்பு ஒன்றும் இல்லை. வட்டத்துக்கு மேல் தீ இருக்கும் படத்தையும் வெறும் தீயையும் பெரியவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, தான் எரியாவிட்டாலும் மற்றதை மூர்க்கமாக எரிய வைக்கும் பொருளுக்கு உள்ளது. படத்தைக் காட்டி, சொல்லிக் கொடுத்து, அடுத்த வாரம் திரும்பக் கேட்டுப் பார்த்த பிறகுதான் அந்த லேபிள் வேலை செய்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அம்மோனியா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பால் கெடாமலிருக்க நாம் சேர்ப்பதும், குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் ஐஸ் பிளான்டுகளில் ஓடுவதும் அதே சரக்குதான். மூக்குக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும், அது ஒரு நன்மை. ஆனால் தினமும் அந்த வாடையில் நிற்கிறவர்களுக்கு மூக்கு பழகிப் போய்விடும். காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு சேர்ந்தால் உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். காற்றைவிட லேசான வாயுதான் என்றாலும், திரவமாக ஒழுகும்போது மைனஸ் 33 டிகிரிக் குளிரில் வெளிவருவதால், நம் கடற்கரை ஈரக் காற்றில் வெள்ளை மூட்டமாகத் தரையோடு தவழும். அந்த நேரத்தில் எந்த வால்வை மூட வேண்டும் என்பதுதான் கேள்வி. ஐஸ் பிளான்டில் கிங் வால்வு, அதாவது திரவ அம்மோனியா போவதை நிறுத்தும் முக்கிய வால்வு, எது என்று ஆபரேட்டருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். அவர் டீ குடிக்கப் போயிருந்தால்? வால்விலேயே ஒரு தகட்டைக் கட்டித் தொங்கவிட்டு, 'கசிந்தால் முதலில் இதை மூடு, இந்தப் பக்கம் சுற்று' என்று எழுதியிருக்க வேண்டும். குழாயில் எது போகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறியும் வேண்டும்.

கடற்கரைப் பிளான்டுகளில் இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். 'அவசர காலத்தில் கூடும் இடம்' என்று ஒரே ஒரு போர்டு இருக்கும். பகலில் கடற்காற்று கரையை நோக்கி வீசும், ராத்திரி கரைக்காற்று கடலை நோக்கி. பகலில் பத்திரமான இடம் ராத்திரி மூட்டம் வந்து சேரும் இடமாகிவிடும். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு போர்டும், எல்லோர் கண்ணிலும் படும்படி காற்றின் திசை காட்டும் ஒரு துணிக்குழாயும் வையுங்கள்.

உங்கள் கம்பெனியில் போர்டே இல்லாத இடம் எது என்று என்னால் பார்க்காமலே சொல்ல முடியும்: கழிவுத் தொட்டி. சல்ஃப்யூரிக் ஆசிட் கலந்த ஸ்கிம் கழிவு, காற்றில்லாமல் கிடந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும், அழுகிய முட்டை நாற்றம். மணக்குடிக் காயல் பக்கம் கதம்பல் (தேங்காய் மட்டை) அழுகப் போட்ட இடத்தில் வருகிற அதே நாற்றம். அதைச் சின்ன வயதிலிருந்தே மோந்து வளர்ந்தவர்கள் நாம், அதனால் நாற்றம்தானே என்று விட்டுவிடுகிறோம். திறந்த காயலில் காற்று அதைக் கொண்டு போய்விடும். மூடிய தொட்டிக்குள் அது கனமாக அடியில் தங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார். தொட்டி மூடியின் மேலேயே எழுதுங்கள்: 'விஷ வாயு. உள்ளே இறங்காதே. விழுந்தவரைக் காப்பாற்றவும் இறங்காதே.' மூன்றாவது வாக்கியம்தான் முக்கியம்.

இனி எஸ்.டி.எஸ். என்ற அந்தத் தகவல் தாள். 16 பகுதிகள். அதை முழுக்கப் படித்து யாரும் வேலை செய்ய மாட்டார்கள், படிக்கச் சொல்லி நிர்ப்பந்திக்கவும் வேண்டாம். இரண்டாம் பகுதி ஆபத்து என்ன என்பது, நான்காவது முதலுதவி, எட்டாவது கையுறை கண்ணாடி போன்றவை. இந்த மூன்றையும் தமிழில் ஒரு பக்கமாக எழுதி, சரக்கு இருக்கும் இடத்திலேயே பிளாஸ்டிக் உறையில் தொங்கவிடுங்கள். ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். முதலுதவிப் பகுதியை மட்டும் கூடுதலாக ஒரு பிரதி எடுத்துக் கதவருகே வைத்திருக்கிறோம். யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் அந்தத் தாளும் கூடப் போக வேண்டும். டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு அது பதில் சொல்லும்.

சட்டத்தைப் பற்றியும் கேட்பீர்கள். 1984இல் போபாலில் அத்தனை பேர் செத்த பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அபாயகரமான வேலை நடக்கும் இடத்தில் உள்ள ஆபத்தைத் தொழிலாளிக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் சொல்வது முதலாளியின் கடமை என்றது அது. 1989இல் வந்த அபாயகர ரசாயனங்கள் விதிகளில் 17ஆவது விதி, ஒவ்வொரு கலத்திலும் உள்ளே இருப்பது என்ன என்று தெளிவாகக் குறிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு கலமும் என்றால் நம் பக்கெட்டும்தான்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். நாளைக் காலை பால் வண்டி வருவதற்கு முன் ஷெட்டை ஒரு சுற்று நடந்து வாருங்கள். திரவம் இருக்கும் ஒவ்வொரு பாத்திரத்தையும் கையில் எடுத்து, பக்கத்தில் நிற்கிறவரிடம் "இது என்ன?" என்று கேளுங்கள். இரண்டு பேர் இரண்டு பதில் சொன்னால் அந்தப் பாத்திரத்துக்குத்தான் முதல் லேபிள். தண்ணீர் பாட்டிலோ குளிர்பான பாட்டிலோ சிக்கினால் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். குடிக்கிற பாத்திரத்தின் வடிவமே ஒரு லேபிள்தான், அதன் மேல் என்ன எழுதினாலும் தாகத்தில் வருகிற கை படிக்காது. ஆசிட்டுக்கு என்று சிவப்பு மக்கு, சிவப்புப் பக்கெட் வாங்கி, அதை வேறு எதற்கும் தொடக்கூடாது என்று வையுங்கள்.

ஒட்டும் தாளில் காசு போடாதீர்கள். இங்கே ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, ஷெட்டுக்குள் எந்நேரமும் ஈரம், அம்மோனியா வேறு. மார்க்கர் எழுத்து இரண்டே மாதத்தில் மங்கிவிட்டது எங்களுக்கு, ஸ்டிக்கர் அதற்கு முன்பே உரிந்துவிட்டது. கடைசியில் மார்த்தாண்டத்திலிருந்து கடைப் போர்டு எழுதும் பெயிண்டர் ஒருவரைக் கூட்டி வந்து, பக்கெட்டிலும் தகட்டிலும் எனாமல் பெயிண்டில் எழுத வைத்தோம். எழுதும்போது பக்கத்தில் நின்று எழுத்துப்பிழை பார்த்தேன். ஐந்து வருடம் ஆகிறது, இன்னும் வாசலில் நின்றே படிக்கலாம்.