ரெனால்ட்ஸ் முதல் மோவிஸ்டார் வரை: கேள்வி பதில்

ஸ்பெயினின் மோவிஸ்டார் சைக்கிள் அணியைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னது என் தப்பு. வந்து குவிந்துவிட்டன. தொடங்கும் முன் ஒன்று: சட்டையில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். அது காசு கொடுப்பவரின் பெயர். ஆளும் அலுவலகமும் அப்படியே இருக்க, பெயர் மட்டும் மாறிக்கொண்டே போகும்.

செல்வா: மோவிஸ்டார் 2011இல் ஆரம்பித்த அணிதானே? அதற்குள் எப்படி ஏழு டூர் டி பிரான்ஸ் வெற்றி?

இதற்குத்தான் மேலே சொன்னேன். அணி பிறந்தது 1980இல், பெயர் ரெனால்ட்ஸ். 1990இல் பனெஸ்தோ என்ற வங்கி வந்தது. 2001இல் அதே வங்கியின் இணையக் கிளை. 2004இல் பலேயாரிக் தீவுகளின் அரசு, பிறகு பிரெஞ்சு வங்கியான கெஸ் டெபார்ன். 2011 முதல் மோவிஸ்டார், அதாவது தெலஃபோனிகா என்ற தொலைபேசிக் கம்பெனி. தொடங்கியவர் ஹொசே மிகெல் எச்சாவரி. ஆரம்ப காலத்திலேயே கூட வந்து சேர்ந்தவர் எவுசேபியோ உன்சுவே. எச்சாவரி ஒதுங்கியதும் பொறுப்பு உன்சுவே கைக்கு வந்தது. டூர் என்பது பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் ஓட்டம். அதில் ஏழு வெற்றி: 1988இல் டெல்காடோ, 1991 முதல் 1995 வரை ஐந்தும் இந்துராயின், அப்புறம் 2006இல் பெரெய்ரோ.

பேனாப்பிரியன்: ரெனால்ட்ஸ் என்றால் நம்ம ரெனால்ட்ஸ் பேனாவா சார்?

இல்லை. பள்ளிக்கூடத்தில் நானும் அந்த நீல மூடிப் பேனாவில்தான் எழுதினேன், ஆசை புரிகிறது. இது ஸ்பெயினின் நவார்ராவில் அலுமினியத் தாள் செய்த ஆலை. சைக்கிள் ஃப்ரேமுக்கு எஃகுக் குழாய் செய்யும் ஆங்கிலேய ரெனால்ட்ஸும் இல்லை. பிரெஞ்சு வீரர்கள் இனோ, ஃபின்யோன் ஓட்டிய அணி ரெனோ. அது கார் கம்பெனி.

மலைக்காற்று: அண்ணா, இந்துராயின் திடீரென்று எப்படி ஐந்து வருடம் தொடர்ந்து ஜெயித்தார்?

திடீரென்றா? தம்பி, டூரில் அவர் வந்த இடங்களை வரிசையாகப் பாருங்கள். 1985இலும் 1986இலும் பாதியிலேயே இறங்கிவிட்டார். 1987இல் 97. பிறகு 47, 17, 10. 1991இல் முதலிடம்.

அந்த முதல் இரண்டு வருடமும் அணியே ஆளைச் சீக்கிரம் இறக்கிக்கொண்டது. இருபது, இருபத்தொரு வயதுப் பையனை மூன்று வாரம் சக்கையாகப் பிழியக் கூடாது என்பது எச்சாவரியின் கணக்கு. ஆறடிக்கு மேல் உயரம், சுமார் 80 கிலோ எடை. இப்படி ஓர் உடம்பு மலையேறும் என்று அப்போது யாரும் எளிதில் நம்பியிருக்க மாட்டார்கள். வேறொரு அணி என்றால் டைம் ட்ரயல், அதாவது ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்தோடு மோதும் ஓட்டம், அதற்கு மட்டும் வைத்திருக்கும். இங்கே காத்திருந்தார்கள்.

பலன் 1992இல் லக்ஸம்பர்கில் தெரிந்தது. 65 கிலோமீட்டர் டைம் ட்ரயலில் இரண்டாவதாக வந்தவரை மூன்று நிமிடம் பின்னால் விட்டார். அந்த இரண்டாமவரும் இவர் அணிதான், தெ லாஸ் குவேவாஸ். 1992, 1993 இரண்டிலும் இத்தாலியின் ஜிரோவும் டூரும் ஒரே ஆண்டில். 1994இல் போர்தோவில் ஒரு மணி நேரத்தில் 53.040 கிலோமீட்டர். என்னைக் கேட்டால், இந்த அணி செய்த பெரிய சாதனை அந்தப் பொறுமைதான்.

குமார்: 1988இல் டெல்காடோ ஊக்கமருந்து எடுத்துத்தானே ஜெயித்தார்?

சோதனையில் கிடைத்தது ப்ரோபெனிசிட். மற்ற மருந்துகளின் தடயத்தை மறைக்கக்கூடியது. ஒலிம்பிக் குழுவின் தடைப் பட்டியலில் இருந்தது, சைக்கிள் சம்மேளனத்தின் பட்டியலில் அன்றைக்கு இல்லை. அதனால் தண்டனையும் இல்லை. விதிப்படி வெற்றி செல்லும். எனக்கு உறுத்தல் உண்டு.

வேகன்: ரெனால்ட்ஸ் பேனா கம்பெனி சைக்கிள் அணி நடத்தியதா? ஆச்சரியமாக இருக்கிறதே!

மேலே.

கணக்கு வாத்தியார்: 1989இல் டெல்காடோ தாமதமாக வந்ததால்தான் டூரைத் தோற்றார் என்று எழுதியிருந்தீர்கள். ஒத்துக்கொள்ள முடியாது.

தெரியாதவர்களுக்கு: லக்ஸம்பர்கில் முதல் நாள் தனி ஓட்டம், 8 கிலோமீட்டர்கூட இல்லை. முந்தைய வருடச் சாம்பியன் டெல்காடோ உடம்பைச் சூடேற்ற எங்கோ சுற்றப் போய் நேரத்தை மறந்துவிட்டார். கடிகாரம் யாருக்காகவும் நிற்காது. 2 நிமிடம் 40 விநாடி போச்சு. கடைசியில் மூன்றாம் இடம்.

கணக்கு வாத்தியார்: அந்த வருடம் ஜெயித்த லெமாண்டைவிட 3 நிமிடம் 34 விநாடி பின்னால். அதில் 2:40ஐக் கழியுங்கள். இன்னும் 54 விநாடி பாக்கி.

அந்த 54 எங்கே போனது என்பதுதான் விஷயம். அடுத்த நாளே அணி டைம் ட்ரயல். மனம் உடைந்திருந்த டெல்காடோவால் சக வீரர்களோடு ஒட்டி ஓட்ட முடியவில்லை. அவருக்காக மற்றவர்கள் வேகத்தைக் குறைக்க, அணி கடைசி இடம். 54 விநாடியைவிட அதிகமாக அங்கேயே போய்விட்டது. தாமதத்துக்கு வட்டி அது.

கணக்கு வாத்தியார்: ஆனால் பின்தங்கிய ஆள் என்று மற்றவர்கள் அவரை மலையில் போக விட்டிருக்கலாமே? முன்னால் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா?

சரி, இது நல்ல அடி. சூப்பர்பாஞ்ஞேர் மலையில் இரண்டாவதாக வந்து ஃபின்யோனிடமிருந்தும் லெமாண்டிடமிருந்தும் நேரம் பிடுங்கினார். முதலிடத்தில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் அவ்வளவு கயிறு கொடுத்திருக்க மாட்டார்கள்தான். பாதி ஒப்புக்கொள்கிறேன். மறுபாதியை விடமாட்டேன்: அன்று மலையில் அவரைப் பிடிக்கும் கால் அவர்களுக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இதோடு 1989ஐ மூடுகிறேன். இன்னும் எட்டுப் பேர் இதையே அனுப்பியிருக்கிறீர்கள்.

தேனிக்காரன்: நாற்பதாயிரத்துக்குள் நல்ல ரோட் சைக்கிள்?

கடையில் போய் ஏறிப் பாருங்கள். நான் பழைய கதை சொல்பவன்.

நிலா: பெரெய்ரோ பாரிஸில் மஞ்சள் சட்டை போடவே இல்லையாமே?

2006இல் பாரிஸில் ஜெயித்தவராக நின்றவர் லாண்டிஸ். ஊக்கமருந்துக்காக அவரைத் தகுதி நீக்கம் செய்த பிறகு, 2007 அக்டோபரில் மாட்ரிட்டில் ஒரு கூட்டம் வைத்து பெரெய்ரோவிடம் கொடுத்தார்கள். அந்த டூரில் மோந்தெலிமார் நாளில், இவரால் ஆபத்தில்லை என்று மற்றவர்கள் அரை மணி நேரம் முன்னால் போக விட்ட ஆள்! வாத்தியார் இதைப் படித்துவிட்டு மறுபடி வருவார்.

குமார்: அப்போ வல்வெர்தே?

ஊக்கமருந்து விவகாரத்தில் இரண்டு வருடத் தடை, 2011 முடிய. 2012இல் அதே அணி திரும்ப எடுத்துக்கொண்டது. 2018இல் உலக சாம்பியன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், எனக்கும் முழுதாகப் பிடிக்கவில்லை.

ராதா: பெண்கள் அணி பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே?

குற்றச்சாட்டு நியாயம். 2018இல் தொடங்கினார்கள். 2021இல் நெதர்லாந்தின் ஆன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன் வந்து சேர்ந்தார். 2022இல் பெண்கள் ஜிரோ, டூர் இரண்டும் அவருக்கே. அப்போது அவருக்கு 39 வயது. தனியாக எழுத வேண்டிய ஆள், அடுத்த முறை அவரிலிருந்தே தொடங்குகிறேன்.